புல்லுக்கும் மூச்சு வேண்டும்

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் ஒரு நண்பர் வீடு. வாசலிலே புல்தரை. ஆசையோடு அழைத்துப்போய்க் காட்டினார்கள். ஆனால் அருகம்புல்லுக்கு நடுவே பெரிய வழுக்கை! "தினமும் சிறுவாணித் தண்ணீரையல்லவா வார்க்கிறேன்!" என்று அங்கலாய்த்தார் வீட்டுக்கார அம்மாள்.

அந்த வழுக்கைக்கு மருந்து காங்கயத்தில் இருக்குமென்று, மறுநாள் பஸ் ஏறியபோதுகூட எனக்குத் தெரியாது.

காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் 'கொறங்காடு' என்று ஒன்று உண்டு. காடு என்றதும் புலி, கரடியை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்துக்கே அந்தப் பெயர்தான். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு அங்கங்கே வெள்வேல மரம். பேர்பெற்ற காங்கயம் காளைகள் வளர்வது இந்த மேய்ச்சலில்தான்.

நான் போனது ஐப்பசி பிறந்த சமயம். பெரியவர் ஒருவர் கொறங்காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனய்யா, இருக்கிற புல்லையும் உழுது போடுகிறீர்களே?" என்றேன்.

"வருசக் கணக்கா மாடு மிதிச்சு மண்ணு இறுகிப் போச்சுங்க. மழை பேஞ்சா உள்ள எறங்காம ஓடிப் போயிருது. கீறி உட்டாத்தானுங்க வேருக்கு மூச்சு. இல்லீன்னா புல்லு போயிருமுங்க; அப்பறம் மாட்டைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதானுங்க!"

இங்கே வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அதை மண்ணுக்குள் பிடித்து வைக்காவிட்டால் மாடுகளின் கதி என்ன?

உழுத இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவினார். பஞ்சுபோல லேசான விதை. காற்றில் பறக்காதிருக்க ஈரமண்ணோடு பிசறியிருந்தார். அத்தனையும் பழைய விதை. புதிதாக உதிர்ந்தது மாதக் கணக்கில் உறங்கிவிடுமாம். ஆழப் புதைத்தாலும் முளைக்காது. புல் வேரூன்றும்வரை மாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை.

கோவை திரும்பியதும் அம்மாளிடம் சேதியைச் சொன்னேன். வாசலில் ஏர் பூட்ட வேண்டாம்! மண் ஈரமாயிருக்கும்போது, பல் வைத்த இரும்புக் கவையை மூன்று நான்கு அங்குலம் இறங்கும்படி நெருக்கமாகக் குத்தி எடுத்து, அந்தத் துளைகளில் மணலும் சலித்த மட்கிய எருவும் நிரப்பினால் போதும். குளிர் தேசங்களில் இலையுதிர் காலத்தில் இப்படிச் செய்து விதை தூவுகிறார்கள். நமக்கு மழைக்காலம். அருகுக்கு விதை தேடி அலையவும் வேண்டாம். கணுவுள்ள தண்டுகளைக் கிள்ளி வழுக்கையில் ஊன்றிவிடலாம்.

அம்மாள் உடனே சம்மதித்தார். ஒரு மாதம் அதன்மேல் யாரும் நடக்கக்கூடாது என்றபோதுதான் தயங்கினார். அந்த வீட்டில் கிரிக்கெட் ஆடும் பேரன்மார் மூன்று பேர்!