பழைய எண்

நமது கல்லூரித் தமிழ்த்துறை நூலகத்தின் நூற்பட்டியல் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஃபாக்ஸ்ப்ரோவில் ஏற்றப்பட்டது. இன்றளவும் அதே கோப்புதான். அம்மென்பொருளின் கடைசிப் பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் 2015-இல் ஆதரவை நிறுத்திக்கொண்டது, நாம் நிறுத்தவில்லை. சென்ற கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு கணினித்துறை இளைஞர் ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "கோப்பு முழுக்க ஓட்டைங்க ஐயா. ஒரு பேக் கொடுத்தா சுத்தமாயிடும், பத்து நொடி வேலை" என்றார்.

பத்து நொடி வேலைக்கு நாம் மூன்று மாதம் யோசித்த காரணத்தைச் சொல்ல வேண்டும்.

இவ்வகைக் கோப்பில் ஒரு பதிவை நீக்கினால் அது நீங்கிவிடுவதில்லை. அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி விழுகிறது, அவ்வளவே. வேண்டுமென்றால் குறியை எடுத்து மீட்டுக்கொள்ளலாம். பேக் என்னும் ஆணைக்குப் பின்னரே குறியிட்டவை மெய்யாகவே மறைகின்றன. எஞ்சியவை மேலேறி இடைவெளியை அடைக்கின்றன. அகரவரிசைச் சுட்டிகள் புதிதாகக் கட்டப்படுகின்றன. அதன்பின் மீட்பில்லை. பெரிய தரவுத்தளங்களிலும் ஏறத்தாழ இதே கதைதான். போஸ்ட்கிரெஸ் என்பதில் சாதாரண வேக்கம் ஆணை காலியிடத்தை மறுபயனுக்கு ஒதுக்கும். முழு வேக்கமோ அட்டவணையையே புதிதாக எழுதும், எழுதி முடியும்வரை எவரும் தொடாதபடி பூட்டி வைக்கும், வட்டில் கூடுதல் இடமும் கேட்கும்.

ஆதாயத்தை முதலில் பார்த்தோம். இடம் மிச்சமாகும் என்பார்கள். ஒன்பதாயிரம் நூல்களுக்கான நமது கோப்பு, கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைவிடச் சிறியது. வேகம் கூடும் என்பார்கள். இப்போதே கேட்டவுடன் விடை வந்துவிடுகிறது. ஆக, பாடநூல் சொல்லும் இரண்டு ஆதாயங்களும் நமக்குக் காற்காசு பெறாதவை.

செலவுதான் பெரிது. அன்று ஏற்றியவர்கள் பதிவெண்ணுக்கெனத் தனிப்புலம் வைக்கவில்லை. கோப்பில் எத்தனையாவது வரியோ அதுவே நூலின் எண். அந்த எண்தான் நூல்களின் முதுகில் ஒட்டியிருக்கிறது. இரவல் பேரேட்டில் இருக்கிறது. இருபதாண்டு ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளிலும் இருக்கிறது. 212-ஆம் வரி போனால் 213 மேலேறி 212 ஆகிவிடும். இருக்கும் இடத்தையே பெயராக வைத்த வினை இது.

இன்னொன்று. நட்சத்திரம் விழுந்தவை தொலைந்த, கறையான் தின்ற நூல்கள். ஆம்பூர்த் தோல் மண்டியில் கணக்கெழுதிய அன்பர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த சிற்றிதழ்களில் பாதி அவற்றுள் அடக்கம். அவை இங்கு இருந்தன என்பதற்கு அந்த நட்சத்திர வரிகளைத் தவிர வேறு சான்றில்லை.

அடுக்கு மாறினால் எண் என்னவாகும் என்பது தோல் வட்டாரத்தாருக்குப் புதிய கேள்வியன்று. பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவால் கிணறும் நிலமும் கெட்டதற்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 1991-ஆம் ஆண்டின் 914-ஆம் எண். தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. சூழலிழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு இழப்பீடு கணக்கிட்டது. வழக்குத் தொடுத்தபோது இவ்வூர்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். இழப்பீடு கணக்கானபோது வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ராணிப்பேட்டை தனி மாவட்டத்துக்கும் போயின. பக்கத்திலிருக்கும் பேரணாம்பட்டு மட்டும் வேலூரிலேயே நின்றுவிட்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இழப்பீடு கிடைக்காதோருக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்கும்படி ஆணையிட்டது. நம் மாணவர் ஒருவரின் பாட்டனார் தம் காகிதத்தோடு கிளம்பினார். அதில் இருந்தது வேலூர் மாவட்டம். பட்டாவில் இருப்பது திருப்பத்தூர். ஓர் அலுவலகம் அவரை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. பழைய பட்டியலின் வரிசையெண்ணை அவர் குறித்து வைத்திருந்ததால் பெயர் அகப்பட்டது. மாவட்டத்தைப் பிரித்தது நன்மையா என்று கேட்டால், ஆட்சியரைக் காண ஆம்பூர்க்காரர் இப்போது வேலூருக்குப் போகவேண்டியதில்லை என்பதும் உண்மைதான்.

நமது கோப்பில் ஒரே ஒரு மெய்யான ஆதாயம் இருந்தது. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றினால் எங்கிருந்தும் தமிழில் தேடலாம். இதற்கும் விலையுண்டு. பழைய எழுத்துருவில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும், ஒருங்குறியில் பின்னே. மாற்றியில் ஒன்று பிசகினால் சொல் உருக்குலையும். தமிழ் வரிசை அறியாத மென்பொருளில் 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னும் வரும். நம் அகராதி மரபில் புள்ளி எழுத்துக்கே முதலிடம். தொல்காப்பியம் கற்பிப்பவருக்கு இது சிறு எரிச்சலன்று.

முடிவாக, வரியெண்ணை ஒவ்வொரு பதிவிலும் தனிப்புலமாக எழுதினோம். நட்சத்திரமிட்டவற்றை 'இல்லாதவை' என்றொரு கோப்பில் படியெடுத்தோம். பிறகே எஞ்சியதை ஒருங்குறிக்கு மாற்றினோம். பழைய கோப்பில் பேக் கொடுக்கவில்லை. குறுந்தகட்டில் அப்படியே இருக்கிறது. பத்து நொடிக்குப் பதில் இருவரின் கோடை விடுமுறை போயிற்று. இளைஞருக்கு இதில் சற்று வருத்தம்தான்.

இப்போது இரண்டு மாணவியர் 'இல்லாதவை' கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிகளைச் சரிபார்த்து வருகிறார்கள். தொலைந்ததாகக் குறித்த சிற்றிதழ்த் தொகுதிகளில் இரண்டு, அகராதிகளுக்குப் பின்னால் அகப்பட்டன. அவற்றின் நட்சத்திரத்தை எடுத்துவிட்டோம்.