அதியமான்கோட்டையில் கோட்டை எங்கே?

தருமபுரியிலிருந்து சேலம் சாலையைப் பிடித்தால் அதியமான்கோட்டை வந்துவிடும். பெயரை நம்பி மதிலையும் அகழியையும் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே காலபைரவர் கோயிலும், சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து ஓவியங்களும் காணக் கிடைக்கும். அருமையான ஓவியங்கள். ஆனால் சங்ககால மன்னன் அதியமானுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியவை. இது அவன் எழுப்பிய சுவர் என்று கைநீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை.

அதியமானின் தலைநகரான தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு அழித்தான். அந்த வெற்றியைப் பதிற்றுப்பத்தில் அரிசில் கிழார் பாடினார். தோற்றவனின் அருமையைச் சொல்ல ஔவையார் இருந்தார். போரை முழுதாகச் சொன்ன தகடூர் யாத்திரையோ சில பாடல்கள் நீங்கலாக நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. தமிழுக்கு நேர்ந்த பெரும் இழப்புகளில் அதுவும் ஒன்று.

அதியமானின் பெயர் பொறித்த கல் கிடைத்தது அவன் ஊரில் அல்ல. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில். 1981-இல் அங்குள்ள குகையில் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' கொடுத்த பாழி, அதாவது துறவிகளின் உறைவிடம், என்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரரையும் சொல்கிறார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். ஒரே வரியில் ஜம்பை விடை சொல்லிவிட்டது. மூவேந்தருக்கு இணையாக மௌரியப் பேரரசு மதித்த குடி, நம் தகடூர்க் குடி! நெடுமான் அஞ்சி கோவலூரை, அதாவது திருக்கோவிலூரை, வென்றதாகப் புறநானூறு சொல்வதும், அதே வட்டாரத்தில் அவன் பெயர் கல்லில் நிற்பதும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

பிறகு நுளம்ப மன்னர்கள் வந்தார்கள். 893-இல் தகடூரில் வணிகர் மரபைச் சேர்ந்த சகோதரர் இருவர் சமணப் பள்ளி எழுப்ப, மகேந்திர நுளம்பன் அதற்கு ஊர் ஒன்றைக் கொடையாகத் தந்தான். தருமபுரிக் கோட்டைக் கோயிலின் காமாட்சியம்மன் சந்நிதியில் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் சிறிய இராமாயணச் சிற்பங்களைக் குனிந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இந்த வயல்களை அளந்து, உழுகிறவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். மன்றோ 1820-இல் சென்னை ஆளுநரானதும் அது மாகாணமெங்கும் பரவியது. ரயத்துவாரி எனப்படும் அந்த முறை இந்த மண்ணில் முளைத்தது.

இத்தனைக்கும் நடுவே, இந்த மாவட்டத்தின் உண்மையான நினைவுச்சின்னம் நடுகல்தான் என்பேன். வில்லும் வாளுமாக ஒரு வீரன். மேலே வட்டெழுத்தில் ஆளும் மன்னனின் ஆட்சியாண்டு, இறந்தவன் பெயர், அவன் எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான் என்ற செய்தி. தொறு என்றால் மாட்டு மந்தை. ஊர் மாடுகளுக்காகச் செத்த ஒருவனுக்கு மன்னன் பெயரோடு சேர்த்துப் பெயர் பொறித்த மண் இது. சில கற்களை 'வேடியப்பன்' என்று இன்றும் பொங்கல் வைத்து வணங்குகிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் பலவற்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நிலத்தைச் சீர்செய்யும்போது உருவம் செதுக்கிய கல் தட்டுப்பட்டால் வரப்போரம் தள்ளிவிடாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அதில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இருக்கலாம்.