இரண்டாவது கார்ட்

2016 மாரிகாலத்தில் எங்கள் மகன் தன் கொம்பியூட்டருக்கு இரண்டாவது கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமென்று நின்றான். ஏற்கனவே ஒரு ஜிடிஎக்ஸ் 970 இருந்தது. அதே இனத்தில் பாவித்தது ஒன்று மலிவாக வருகிறதாம். "இரண்டு போட்டால் கேம் இரண்டு மடங்கு வேகமாய் ஓடும், அம்மா" என்றான். நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊருக்கு அனுப்பவென்று வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தோம்.

பூட்டியதும் ஒரு கேமில் வினாடிக்கு 40 படமாக இருந்தது 70ஐத் தொட்டது. வீடே கூடிநின்று பார்த்தது. அடுத்த கேமில் ஒன்றுமே மாறவில்லை.

பிறகுதான் விளங்கியது. எஸ்எல்ஐ முறையில் பெரும்பாலும் ஒரு படத்தை ஒரு கார்டும் அடுத்ததை மற்றதும் வரையும். முன்னைய படத்தின் கணக்கு தேவைப்பட்டால் ஒன்று மற்றதற்காகக் காத்துநிற்கும். படங்கள் சீரான இடைவெளியில் வராவிட்டால், எண்ணிக்கை கூடினாலும் கண்ணுக்குத் திக்கித்திக்கித்தான் தெரியும். இரண்டிலும் அதே தரவுதான் இருக்கவேண்டும். ஆகவே 4 ஜிகாபைற் நினைவகம் 8 ஆகாது. மின்சாரம் வேறு, கார்ட் ஒன்றுக்கு 145 வாட்!

2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் இரண்டை இணைக்கும் வாயே கிடையாது. பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ ஒழுங்குகள் சேர்ப்பதை என்விடியா 2021உடன் நிறுத்திவிட்டது. உங்கள் பிள்ளை இரண்டாவது கேட்டால், உள்ளதை விற்று நல்லதாய் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

எங்களுடையதை அடுத்த கோடையில் பாதி விலைக்கு விற்றோம். ஊருக்குக் காசு இரண்டு மாதம் பிந்தித்தான் போனது. ஏனென்று அம்மம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.