கை பழகும் காலம்: சில குறிப்புகள்

எம்.எஸ். பொது அறுவைச் சிகிச்சைப் படிப்பு மூன்று ஆண்டு. கோவிட் பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில், அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. அன்றைக்கு அது தேவையான முடிவு. ஆனால் ஹெர்னியா, விரைவீக்கம், கொழுப்புக்கட்டி என்று தள்ளிப்போனவைதாம் ஒரு முதுநிலை (பி.ஜி.) மாணவர் முதன்முதலாகக் கத்தி பிடிக்கும் ஆபரேஷன்கள்.

*

அவசர கேஸ்கள் வந்தன. ஊரடங்கால் பலர் தாமதமாக வந்தார்கள். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பிடித்த நிலையில் வருபவரைப் புதியவர் கையில் விட முடியாது. தொற்று அச்சத்தால் ஆபரேஷன் தியேட்டருக்குள் ஆள் குறைய வேண்டும், வேலை சீக்கிரம் முடிய வேண்டும். எனவே பெரிய டாக்டரே செய்தார். இரண்டாவது உதவியாளர் வெளியே நின்றார். வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்கும் அந்த இடத்தில்தான் கண் பழகுகிறது: எந்த அடுக்கில் பிரிக்கலாம், ரத்தம் பீறிட்டால் பெரியவரின் விரல் முதலில் எங்கே போகிறது.

*

சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி இன்னும் பின்தங்கியது. வயிற்றுக்குள் செலுத்தும் வாயு வெளியேறும்போது கிருமியும் பரவுமோ என்ற அச்சம், முதல் மாதங்களில் உலகெங்கும் இருந்தது.

*

பிபிஇ பாதுகாப்பு உடைக்குள் கண்ணாடியில் ஆவி படியும். இரட்டைக் கையுறையில் தொடு உணர்வு மங்கும். பெரியவர் மேஜையருகே தாழ்ந்த குரலில் சொல்லும் திருத்தம் காதில் விழாது. ஆபரேஷன் நடந்த நாளிலும் பாடம் பாதிதான்.

*

2021 ஏப்ரலில் நடக்க வேண்டிய முதுநிலை நீட் தேர்வு செப்டம்பருக்குப் போனது. கலந்தாய்வு வழக்கில் சிக்கி 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. முதலாண்டு மாணவர் வராத மாதங்களில் டிரெஸ்ஸிங், ரத்த மாதிரி, வார்டு வேலை எல்லாம் சீனியர்கள் தலையில். அதற்கு மேல் கோவிட் டியூட்டி. தியேட்டருக்குப் போக நேரம் எங்கே?

*

இழப்பு எல்லாத் துறையிலும் ஒன்றுபோல் இல்லை. 2021 ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு, சைனஸைத் தாக்கும் கருப்புப் பூஞ்சை நோய். காது மூக்கு தொண்டைத் துறை மாணவர்கள் சைனஸ் அறுவையில் மூழ்கினார்கள். டான்சிலும் காது ஆபரேஷனும் காத்திருந்தன.

*

அட்டைப்பெட்டியில் துளையிட்டு, உள்ளே செல்போன் கேமரா வைத்து வீட்டிலேயே லேப்ராஸ்கோப்பி பயிற்சி செய்த மாணவர்களைப் பாராட்ட வேண்டும். முடிச்சும் தையலும் அதில் நன்றாகவே வரும். ஆனால் வீங்கிய குடலின் சுவர் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதை உயிருள்ள திசுதான் கற்றுத்தரும்.

*

படிப்பை மாதக்கணக்கில் நீட்டுவது மட்டும் மருந்தாகாது. நீட்டிய மாதங்களும் வார்டிலேயே கழிந்தால் என்ன பயன்? மாணவர்கள் பங்கேற்ற ஆபரேஷன்களைப் பதியும் லாக் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொருவரும் எதை உதவியாளராகப் பார்த்தார், எதைத் தானே செய்தார் என்று கணக்கெடுத்து, அவர் குறைவாகச் செய்த ஆபரேஷன்களை அவருக்கே ஒதுக்க வேண்டும். பட்டம் வாங்கிய பின்னும் ஓராண்டு மூத்தவர் அருகில் நின்று செய்வதில் வெட்கமில்லை. நோயாளிக்கு அதுதான் பாதுகாப்பு.

*

அடுத்த தொற்றுக்கான திட்டத்தில் படுக்கை, ஆக்சிஜன், வென்டிலேட்டர் கணக்கு நிச்சயம் இருக்கும். தொற்றில்லாத நோயாளிகளுக்கென ஒரு தியேட்டரைத் தனியே காத்து, அதில் பயிற்சி மாணவருக்கு முறை வைத்து இடம் கொடுப்பதையும் அதே திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் இதை இப்போதே செய்யட்டும்.