கண்ணாடி ஆடுது... கவனி மச்சி!

காலேஜுக்கு லேட்டாயிடுச்சுன்னு முன்னாடி போற லாரியை இடது பக்கமா புகுந்து ஓவர்டேக் பண்ற ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான் பாஸ்! அந்த நாலு செகண்டும் டிரைவருக்கு நீங்க தெரியுற ஒரே இடம், லாரியோட இடது சைடு மிரர்தான். அது அசையாம நின்னா நீங்க ஒரு ஆள். ஆடுச்சுன்னா? வெறும் ஒரு கோடு!

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். செமஸ்டர் லீவில் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஏ.சி. ஆபீஸில் இன்டர்ன்ஷிப் தேட, நான் போய் நின்றது நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில். லாரி பாடி என்றால் நாமக்கல்தான் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே என் கையில் கொடுத்த வேலை, 'லொடலொட' மிரர்களைச் சரிபண்ணுவது. 'இதுக்கா நாலு வருஷம் இன்ஜினீயரிங்?' என்று சிரிக்காதீங்க. மேட்டர் இருக்கு.

லோடு பாடி கேபினைவிட அகலமாக இருந்தால், சின்ன மிரரில் ரோடு தெரியாது. பாடியின் பக்கவாட்டுதான் தெரியும். அதனால் வெளியே நன்றாகத் தள்ளி நிற்கிற நீளக்கம்பி மிரரைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். வில்லங்கம் அந்தக் கம்பியில்தான். கான்டிலீவர் பீம் ஞாபகம் இருக்கா? நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், அதே எடைக்கு எட்டு மடங்கு வளையும். எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணி மறந்த அதே ஃபார்முலா, இங்கே டிரைவர் கண்ணெதிரே ஆடிக்கொண்டு இருக்கு!

ஆட்டி வைப்பது இன்ஜின். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் 600 ஆர்.பி.எம்.மில் ஐட்லிங் ஓடினால், வினாடிக்கு 30 முறை சிலிண்டர் வெடிக்கிறது. மிரர் கம்பியின் சொந்த அதிர்வும் அதற்குப் பக்கத்தில் இருந்தால் ரெசொனன்ஸ்... கண்ணாடியில் ஒரே டான்ஸ்தான்.

"நட்டை முறுக்கிட்டா சரியாப் போயிடும்ல அண்ணே?" என்று கேட்டேன். மேஸ்திரி அண்ணன் சிரித்தார். "எந்த நட்டுன்னு முதல்ல கண்டுபுடி தம்பி. எல்லாத்தையும் முறுக்கினா மரை போயிரும். மரக்கிளை தட்டினா கண்ணாடி மடங்கோணும், ஒடையக்கூடாது."

அவர் காட்டின வழி இதுதான். இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கையால் அழுத்திப் பிடிக்கணும். எங்கே பிடித்தால் சத்தம் நிற்கிறதோ, அங்கேதான் நோய். கழற்றிப் பார்த்தால் இரும்பும் இரும்பும் உரசின இடம் பளபளவென்று இருக்கும். சுற்றிலும் செம்பழுப்புத் தூள். போல்ட் ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தால் எத்தனை முறுக்கினாலும் நிற்காது, பிராக்கெட்டையே மாற்றணும். மற்றதுக்கு, கிளாம்புக்கும் கம்பிக்கும் நடுவே ரப்பர் பட்டை, நைலான் வைத்த லாக் நட், அவ்வளவுதான். அப்பவும் ஆடினால், கம்பியின் நடுவிலிருந்து கதவுக்கு ஒரு சப்போர்ட் கம்பி. தனியாகத் தொங்கும் நீளம் குறைந்தால் ஆட்டமும் குறையும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மிரரில் 'டிக்... டிக்...' நிற்கவில்லை. திறந்தால், உள்ளே ஒயர் கனெக்டர் ஒன்று கூட்டில் மோதிக்கொண்டு இருந்தது! மிரரில் எக்ஸ்ட்ரா இண்டிகேட்டர் லைட் மாட்டினவர், ஒயரை முறுக்கி கறுப்பு டேப் சுற்றி அப்படியே விட்டிருந்தார். கதவு இடுக்கு வழியே போன ஒயரை, கதவு மூடும்போதெல்லாம் நசுக்கி நசுக்கித் தோல் உரிந்திருந்தது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். அந்த ஒயர் பாடியில் பட்டால் ஃபியூஸ் போகும். போன ஃபியூஸுக்குப் பதில் செம்புக்கம்பி சொருகி வைத்திருந்தால்? அப்புறம் எரியப்போவது ஒயர்தான்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒயரைப் புதுசாகவே இழுத்தார். கதவு ஓட்டையில் ரப்பர் குரோமெட். கதவு திறந்து மூட வசதியாகக் கீல் பக்கம் கொஞ்சம் தளர்வு. மேலே வரிவரியான பிளாஸ்டிக் ஸ்லீவ். ஒயர் உள்ளே நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு, மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஜாயின்ட்டை சால்டர் பண்ணாமல் கிரிம்ப் பண்ணினார். "சால்டர் வெச்ச இடம் வெறைச்சுக்கும். ஆடுற வண்டியில அதுக்குப் பக்கத்துலயே ஒயர் ஒடிஞ்சு போகும்." கடைசியாக, அந்த கனெக்டருக்கு ஃபோம் சுற்றி டை போட்டு இறுக்க... டிக் டிக் காலி! ஃபியூஸ் பற்றியும் ஒரு பாடம்: 24 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒரு ஆம்பியருக்கும் கம்மியாகத்தான் இழுக்கும். ஆனால், ஃபியூஸ் தாங்குகிற அளவை ஒயரைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

அந்த லாரி டிரைவர் அண்ணனிடம், "இத்தனை நாள் எப்படிண்ணே ஓட்டினீங்க?" என்றேன். "சத்தத்துக்குப் பாட்டு வெச்சுக்குவேன் தம்பி. ஆனா லெஃப்ட்ல வர்றது ஒரு பைக்கா, ரெண்டு பைக்கான்னு தெரியாது. காலேஜ் பசங்க வேற சர்ருனு வருவாங்க. ஒரு குத்துமதிப்பாத்தான் ஒடிப்பேன்."

குத்துமதிப்பு! அந்தப் பசங்க லிஸ்ட்டில் நானும் இருக்கேன், நீங்களும் இருக்கீங்க.

அதனால் ஃப்ரெண்ட்ஸ், லாரி பக்கத்தில் போகும்போது மிரரைப் பாருங்க. டிரைவர் முகம் தெரியலையா? அவருக்கும் உங்களைத் தெரியாது. முகம் தெரிந்தும் கண்ணாடி கடகடன்னு ஆடுதா? பின்னாடியே நில்லுங்க, ஃபர்ஸ்ட் ஹவர் போனா போகட்டும். அப்புறம், உங்க பைக் மிரர் நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்க. என்னது, மிரரையே கழட்டி வெச்சிட்டீங்களா? இன்னிக்கு சாயங்காலமே மாட்டிடுங்க பாஸ்!