நாகூரின் காற்றில் ஒரு குரல்



நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர் சென்றால் நாகூர். கிழக்கே வங்கக் கடல், வடக்கே வெட்டாறு, ஆற்றைக் கடந்தால் சிறிது தொலைவிலேயே காரைக்கால் எல்லை. இரயிலில் வந்தாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் வந்தாலும், ஊர் வந்துவிட்டதை முதலில் அறிவிப்பவை மினாராக்களே. ஹஸ்ரத் ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயர்ந்ததாகிய 131 அடி பெரிய மினாரா, தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங்கின் காணிக்கையாகும்.

நாகூரைப் பற்றி எழுதுவோர் மினாராவை எழுதுவர். கந்தூரியையும் சந்தனக்கூட்டையும் எழுதுவர். கடைத்தெருவின் வாடாவையும் தம்ரூட்டையும் நாவூற எழுதுவர். நாம் இங்கே எழுத விரும்புவது கண்ணால் காண முடியாத ஒன்றை. இவ்வூரின் பெயரைத் தன் முன்னால் சுமந்துகொண்டு தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் சென்று வந்த ஒரு குரலை. ஒரு பாடகரின் குரல் கேட்போர் உள்ளத்தை ஏன் ஈர்க்கிறது என்னும் பழைய வினாவுக்கு, நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் குரலைவிடச் சிறந்த பாடம் நமக்கு வேறொன்று கிடைப்பது அரிது.

1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்தவர் அவர்; பெயரோடு இணைந்ததோ நாகூர். 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் திருமண வீட்டிலும் மீலாது மேடையிலும் திராவிட இயக்கக் கூட்டத்திலும் அவர் குரல் ஒலித்தது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலை மத வேற்றுமையின்றி மக்கள் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர்.

இனிமை மட்டுமா?

சிந்தித்துப் பாருங்கள். ஹனிபா அவர்களின் குரலைத் ‘தேன்குரல்’ என்று எவரேனும் புகழ்ந்து நீங்கள் கேட்டதுண்டா? ‘வெண்கலக் குரல்’ என்பார்கள். ‘கம்பீரக் குரல்’ என்பார்கள். மக்கள் அவருக்கு வழங்கிய பட்டமும் ‘இசைமுரசு’ என்பதே. தாலாட்டவோ மயக்கவோ பிறந்ததன்று முரசு. தொலைவில் நிற்பவனுக்குச் செய்தி சொல்லப் பிறந்தது அது. பட்டம் சூட்டியவர்கள் அறிந்தே சூட்டியிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் இஸ்லாமிய வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருந்தும். தொழுகைக்கு அழைக்கும் பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். ஆயினும் அவற்றைப் பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்; பிலாலின் குரலே மேலானது என்பது அதற்குக் காரணம். அபூதாவூதில் இடம்பெற்றுள்ள அந்நிகழ்ச்சியில் வரும் ‘அந்தா’ என்னும் அரபுச் சொல்லுக்கு, இனிமை என்றும் நெடுந்தொலைவு எட்டுதல் என்றும் விளக்கவுரையாளர்கள் பொருள் கூறுவர். இனிமையும் எட்டுதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதை உற்றுநோக்குங்கள். எட்டாத இனிமையால் யாருக்குப் பயன்?

காதின் கணக்கு

எட்டும் குரலுக்கு உரத்த கூச்சல் தேவையில்லை. நம் செவித்துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல். அக்குழலின் அமைப்பினால், நொடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளை நம் காது மிக எளிதாகப் பற்றிக்கொள்கிறது. தேர்ந்த மேடைப் பாடகர்கள் சிலருடைய குரலில் இதே பகுதியில் ஆற்றல் திரண்டு நிற்பதை ஒலியியல் அறிஞர்கள் அளந்து காட்டியுள்ளனர். வாத்தியங்களின் பேரோசையோ பெரும்பாலும் இதற்குக் கீழே தங்கிவிடுகிறது. அதனாலேயே, ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் ஒற்றை மனிதனின் குரல் வாத்தியக் கூட்டத்தை ஊடுருவிக் கடைசி வரிசைக்குச் சென்றது. மணியின் நாதம் சந்தை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வருவதுபோல! ‘வெண்கலக் குரல்’ என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமையன்று என்பது இப்போது விளங்கும்.

மற்றொன்றும் உண்டு. ஒவ்வொருவரின் தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்து அமைந்த ஒலிப்பாதை வெவ்வேறு. ‘பாவமன்னிப்பு’ (1961) திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜன் அவர்களுடன் ஹனிபா அவர்கள் இணைந்து பாடிய பெருநாள் பாடலை மீண்டும் ஒருமுறை கேளுங்கள். இரண்டும் ஓங்கிய ஆண்குரல்கள். ஆயினும் எந்த வரி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 66 வயதில், இளையராஜா அவர்களின் இசையில் ‘செம்பருத்தி’ (1992) படத்திற்காக அவர் பாடியபோதும் அந்த முத்திரை மாறவில்லை. பிறர் குரலின் நகலாக மாற முயலாத குரலையே மக்கள் நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்கள்.

கடற்கரையில் ஒரு சோதனை

நாகூர் செல்லும் வாசகர்கள், தர்காவிலிருந்து கிழக்கே நடந்து சில்லடிக் கடற்கரைக்குச் செல்லுங்கள். உங்கள் மகனையோ மகளையோ ஐம்பதடி தள்ளி நிற்கச் செய்து, அறிந்த பாடல் ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். அலையோசைக்கும் காற்றுக்கும் நடுவே ‘ஆ’வும் ‘ஓ’வும் உங்களை வந்தடையும், ‘க’வும் ‘த’வும் ‘ச’வும் வழியிலேயே கரைந்துவிடும். உயிரெழுத்து ஆற்றல் மிக்கது, மெய்யோ மெலிந்தது. ஆனால் சொல்லின் பொருளைப் பெரிதும் தாங்கி நிற்பது மெய்யே. ‘கல்’ என்பதும் ‘பல்’ என்பதும் முதலெழுத்தின் மெய்யினால் அல்லவா வேறாகின்றன!

ஹனிபா அவர்களின் வெற்றி இங்கேதான் இருக்கிறது. உச்சத்தில் நின்று பாடும்போதும் ஓர் எழுத்தையும் அவர் விழுங்கவில்லை. லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் இடத்தில் நின்றன. சிறுவயதில் திருமண ஊர்வலங்களில் பைத்துச் சபையினரோடு தெருவில் நடந்தபடியே பாடிப் பழகியவர் அவர். குதிரையும் கூட்டமும் வேட்டும் நிறைந்த வீதியில், திண்ணையில் நிற்கும் பாட்டிக்கும் சொல் கேட்க வேண்டும். அந்த வீதியே அவருக்கு முதல் பள்ளிக்கூடம். முறையான இசைப்பயிற்சி பெறாமல் கேள்வி ஞானத்தால் உயர்ந்தவர் என்பதும் யாவரும் அறிந்ததே.

இதனால் பயிற்சி வீண் என்று எவரும் கருதிவிட வேண்டாம். கர்நாடக இசையில் தேர்ந்த எஸ்.எம்.ஏ. காதர் அவர்கள் போன்ற வித்வான்கள் வாழ்ந்ததும் இதே ஊர்தான். குலாம் காதிறு நாவலர் தொடங்கி, புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் என்று பாவலர்கள் வழிவழியாகத் தோன்றியதால் ‘புலவர் கோட்டை’ என்றே நாகூரை அழைப்பர். சொல்லின் அருமை அறிந்த ஊரில், சொல்லைச் சிதைக்கும் பாடகருக்கு மதிப்பேது? குரலை வளர்த்ததில் கேட்ட செவிகளுக்கும் பங்குண்டு.

நம் கையில் இருப்பது

இன்றைய நம் திருமண மண்டபங்களை எண்ணிப் பாருங்கள். பேச்சுக் குரலையே அமுக்கிவிடும் ஒலிபெருக்கிகள். ஒரு சொல் முடியுமுன் முந்தைய சொல்லின் எதிரொலி வந்து மோதும் கருவிகள். பாடுபவர் யார், பாடப்படுவது என்ன என்று அறியாமலேயே விருந்துண்டு திரும்புகிறோம். ஓசை பெருகிவிட்டது; சொல் காணாமற்போய்விட்டது. இந்நிலை நீடித்தால், மற்றொரு ஹனிபா நம்மிடையே பிறந்தாலும் அவரை நாம் அடையாளம் காண மாட்டோம். குரல் இல்லாமற்போவதைக் காட்டிலும் பெரிய இழப்பு, குரலை அறியும் செவி இல்லாமற்போவது.

இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் இல்லத்தில் ஒரு விசேஷம் நிகழும்போது, நன்றாகப் பாடக்கூடிய ஒரு பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்துங்கள். மைக் வேண்டாம், எதிரொலி வேண்டாம். “கடைசியில் உட்கார்ந்திருக்கும் நன்னிமாவுக்குக் கேட்கும்படி பாடு” என்று மட்டும் சொல்லுங்கள். மூச்சை எங்கே இழுப்பது, எந்த எழுத்தை அழுத்துவது என்பதை அந்தத் தேவையே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். பாடி முடித்ததும் நன்னிமாவிடம் பாட்டின் பொருளைக் கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால், அந்தக் குரல் எட்டிவிட்டது.