இருபத்தஞ்சு கிரெயின்

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதை நோக்கிப் போகும் ஈயக் குண்டின், அதாவது பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரியான ஒன்றை, அதைவிட ஒன்பது மடங்கு அகலமான பொருளால் தொட வேண்டும். பத்தோடு கணக்கு முடிவதும் இல்லை. 10.0-இலிருந்து 10.9 வரை தசமம் உண்டு. ஒவ்வொரு தசமமும் கால் மில்லிமீட்டர்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடைசி குண்டுக்கு முன்னால் அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8, ஹாக்கினன் 9.7. இரண்டுக்கும் நடுவே இருந்தது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒருவருக்குத் தங்கம். இன்னொருவர் வெண்கலத்துக்கு இறங்கினார்.

இந்தக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால் சுடுகிறவர்களுக்கு ஒரு பித்து பிடிக்கும். எது எது ஒரே மாதிரி இல்லையோ அதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்கிற பித்து. வெளிநாடுகளில் பெரிய ரைபிள் வைத்திருப்பவர்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிப்பார்கள். ஹேண்ட்லோடிங் என்று பெயர். சுட்ட பித்தளைக் கூட்டைத் திரும்ப எடுத்து, தராசில் நிறுத்த மருந்தைப் போட்டு, தங்கள் ரைபிளுக்குத் தோதான ஆழத்தில் குண்டைப் பொருத்துவது. தொழிற்சாலைத் தோட்டா எல்லோருக்குமானது, இது என் துப்பாக்கிக்கானது என்பது அதன் தர்க்கம். நம் ஊர் கிளப்புகளில் புழங்குவது பெரும்பாலும் .22 ரைபிளும் ஏர் ரைபிளும்தான். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதைத் திரும்ப நிரப்ப வழியில்லை. ஏர் ரைபிளிலோ மருந்தே கிடையாது, அழுத்தக் காற்றுதான். ஆக, பித்துப் பிடித்தவனுக்கு மிச்சமிருப்பது பெல்லட்டை நிறுத்துப் பிரிப்பது ஒன்றுதான்.

போன வருஷம் போனஸில் ஒரு மேட்ச் ஏர் ரைபிள் வாங்கினேன். வாங்கிய வாரமே ராஜ வீதிப் பக்கம் போய், நகைப் பட்டறைக்காரர்கள் வாங்குகிற, மில்லிகிராம் காட்டும் தராசு ஒன்றும் வாங்கி வந்தேன். சிங்காநல்லூர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதை வைத்து முதல் டின்னைத் திறந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். டின்னை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"8.2 கிரெயினா? இதென்ன கண்ணு, கிரெயின்ல போட்டிருக்கான்? எங்க கணக்கு இது."

அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லின் குவாலிட்டி கன்ட்ரோல் லேபில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். நூலின் கவுண்ட் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை வரும் என்கிற எண். லேபில் அதற்காக ஒரு பவுண்டு நூலை அளந்துகொண்டிருக்க முடியாது. 120 கெஜத்தை ராப் ரீலில் சுற்றி எடுப்பார்கள். அதற்கு லீ என்று பெயர். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஆயிரத்தை லீயின் கிரெயின் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். நாற்பதாம் நம்பர் நூலின் ஒரு லீ, சரியாக இருபத்தஞ்சு கிரெயின். துப்பாக்கி மருந்தையும் பருத்தி நூலையும் ஒரே அளவையில் நிறுத்தார்கள் என்பது அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம் படிக்கும்போது மில்லை மூடினார்கள். கோயமுத்தூரில் அப்போது இது புதுச் செய்தி இல்லை. பக்கத்துத் தெருவிலும் அதே கதைதான். ஆனால் அப்பாவுக்குப் புரியாமல் போனது ஒன்று உண்டு. கடைசி மாதம் வரைக்கும் நூல் நன்றாக இருந்தது. "ரீடிங் எல்லாம் கரெக்டா இருந்துச்சு சாமி" என்பார். ரீடிங் சரியாக இருந்தால் மில் ஓடும் என்று நம்பிய மனுசன். அதற்கப்புறம் ஒரு குடோனில் கணக்கு எழுதினார், கொஞ்ச நாள் வாட்ச்மேன் வேலை. எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பெல்லட்டையும் அவர்தான் நிறுத்தார். இடுக்கியால் எடுத்து, தராசு நிலைக்கும் வரை மூச்சு விடாமல் காத்திருந்து, நோட்டில் எழுதினார். சாயங்காலம் நான் லேப்டாப்பில் ஏற்றிக் கணக்குப் போட்டேன். சராசரி 0.531 கிராம், விலகல் சராசரியில் அரை சதவீதம் சொச்சம். "நூல்ல இப்படி வந்திருந்தா எங்க மானேஜர் விருந்தே போட்டிருப்பாரு" என்றார்.

உண்மையில், நிறுப்பதால் எவ்வளவு லாபம் என்பதை முன்னாடியே போட்டு வைத்திருந்தேன். பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 17 மில்லிமீட்டர் கீழே இழுக்கும். எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் தோராயமாக அரை சதவீதம் குறையும், இறக்கம் 0.17 மில்லிமீட்டர் கூடும். ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

ஆனால் அவர் விடவில்லை. "பிரிச்சது நல்லா சுடுதா, பிரிக்காதது நல்லா சுடுதா? பாத்துப்போடலாம்" என்றார். கிளப்பில் ரைபிளை இடுக்கியில் இறுக்கி, ஐந்து ஐந்தாகச் சுட்டு ஓட்டைகளின் பரவலை அளக்கலாம். நான் இரண்டிரண்டு தடவை போதும் என்றேன். "ஒரு லீ எடுத்துப் பாத்துட்டு கவுண்ட் சொன்னா எங்க லேப்ல அடிக்க வருவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஐந்து குண்டுப் பரவல் என்பது ரொம்பவே தற்செயலானது. அதே ரைபிள், அதே பெல்லட், ஒரு தடவைக்கு இன்னொன்று இரண்டு மடங்கு பெரிதாகக்கூட வரும். சின்னதாக வந்த ஒரு தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் எல்லா ஊர் கிளப்பிலும் உண்டு.

ஆகவே பத்துப் பத்துத் தடவை. எது பிரித்தது, எது பிரிக்காதது என்று எனக்குத் தெரியாதபடி அவரே டப்பிகளில் போட்டு எண் எழுதிக் கொடுத்தார். முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. வேறொரு லாட் டின்னைச் சுட்டபோது தெளிவாகவே பெரிதாகப் பரவியது. குழலுக்கு ஒத்துப்போகும் லாட்டைத் தேடிப் பிடித்து மொத்தமாக வாங்குவதற்குப் பலன் உண்டு. ஒவ்வொன்றாக நிறுப்பதற்கு, என் ரைபிளில், இல்லை.

அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்தேன். நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "அப்போ பருத்தி நல்லாருக்குது, மெசினும் நல்லாருக்குது. ஆபரேட்டரைப் பாரு."

ஆபரேட்டர் நான்தான். முன், பின் சைட்டுகளுக்கு இடையே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன் சைட் ஒரு தலைமுடி கனம், 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், இலக்கில் 1.25 மில்லிமீட்டர். ஐந்து தசமம். நாடித்துடிப்பும் அரைகுறை மூச்சும் அதைச் சுலபமாகச் செய்துவிடும். இதற்கு ராஜ வீதியில் தராசு கிடைக்காது.

இப்போது அவர் என் ஸ்கோர் ஷீட்டுகளைக் கேட்டு வாங்குகிறார். அறுபது குண்டு, பத்துப் பத்தாக ஆறு சீரிஸ். நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சீரிஸுக்கும் சராசரி, விலகல். மில்லில் நூல் திட்டுத்திட்டாக வந்தால் கோனைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லையாம். ரிங் ஃபிரேம், சிம்ப்ளெக்ஸ், கார்டிங், கடைசியில் பஞ்சு உடைக்கும் புளோ ரூம் வரை பின்னாலேயே நடந்து போக வேண்டுமாம். போன வாரம் சாப்பிடும்போது கேட்டார்.

"எல்லா நாளும் நாலாவது சீரிஸ்ல இறங்குது. அந்நேரம் என்ன பண்றே?"

"ஒண்ணும் இல்லீங்ப்பா. சுட்டுட்டுதான் இருக்கேன்."

"மணியைப் பாக்கறியா?"

பார்க்கிறேன். ஷூட்டிங்கில் மட்டுமில்லை, ஆபீஸிலும் பாதி வேலை தாண்டியதும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மணி பார்க்கிற ஆள் நான். அவருக்கு ஆபீஸ் தெரியாது. ஆறு கட்டமும் அதிலிருந்த எண்களும் போதுமாக இருந்தது.